உள்ளங்காலில் வருவது

டி.வி.யில் குறி சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் கால் சும்மா இருந்தது. உலகம்மாளின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். தலை சுழல்கிறது, அவிழ்ந்த முடி முகத்தில் விழுகிறது, கண் மேலே செருகுகிறது, எலுமிச்சம்பழத்தைக் கடித்துத் துப்புகிறாள், எல்லாம் சரிதான். ஆனால் காமிரா சற்றே கீழே இறங்கியபோது அந்த இரண்டு கால்களும் பேங்க்கில் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறவளின் கால்களைப் போல அக்கடா என்று கிடந்தன. பாவம், யாராவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம், வருவது தலையில் இல்லையம்மா, உள்ளங்காலில் என்று. முதலில் உள்ளங்கால் குளிரும். பிறகு கெண்டைக்கால், முட்டு, தொடை என்று ஏறும். நெஞ்சுக்கு வருவதற்குள் வாய் தன்னால் திறந்துகொள்ளும். தலை ஆடுவதெல்லாம் கடைசியில், அதுவும் எல்லோருக்கும் ஆடாது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல? அறுபத்தோரு வயதில், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, நடிக்க வந்த பெண்ணின் காலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருமகள் மாரிச்செல்வி டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கிரைண்டருக்கு மேல் கேட்க வேண்டுமென்று டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். ஆக இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சனிக்கிழமை வருகிற போலீஸ் தொடர் இது. நேற்று கரண்ட் போய்விட்டதால் இன்று மறுபடி போடுவதைப் பார்க்கிறாள். கதை குறி சொல்கிறவளைப் பற்றியது என்று தெரிந்ததும் அவள் கை ரிமோட்டுக்குப் போயிற்று.

“அத்தே, மாத்திரட்டுமா?”

“எதுக்கு மாத்தணும்? ஓடட்டும். நானும் பாக்கேன்.”

வீராப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் டி.வி.க்கும் அதற்கு மேலே இருந்த கடிகாரத்துக்குமாகப் போய்ப் போய் வந்தது. பதினொன்றே முக்கால் பஸ்ஸில் செண்பகவல்லி வருகிறாள். காலையில் மாரிச்செல்வியின் போனில் கூப்பிட்டிருந்தாள். எப்போதும் போல மூச்சு விடாமல் பேசினாள். “யக்கா, சந்தனமாரி கல்யாணக் கார்டு ப்ரூஃப் வந்துட்டு. பிள்ளைக்கு அப்பா பேருக்கு முன்னால மட்டும் இடம் விட்டு வச்சிருக்காவ. நாளைக்கு அச்சுக்குப் போகணும். அண்ணன் தெய்வத்திருன்னு போடுன்னு ஒத்தைக் கால்ல நிக்கான். ஆளைக் காணாமப் போயி பன்னெண்டு வருசம் ஆயிட்டு, இனியும் என்னத்த யோசிக்கன்னு கேக்கான். மாப்பிள்ளை வீட்டுலயும் ஒரு மாதிரி கேக்காவ. நான் முடிவாச் சொல்லிட்டேன். அம்மன் ஒரு வாக்கு சொல்லட்டும், அப்புறம் எழுதுவோம்னு. வாரேன்க்கா.” உயிரோடு இருக்கிறவருக்குத் திரு, செத்தவருக்குத் தெய்வத்திரு. ஊரில் எந்தக் கார்டை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். கார்டு கைக்கு வந்ததும் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்றுதான் ஜனங்கள் முதலில் பார்ப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கான இடம் இப்போது வெள்ளையாகக் கிடக்கிறது. அதில் என்ன எழுத வேண்டும் என்பதை உலகம்மாள் சொல்ல வேண்டும். இன்றைக்கு, பன்னிரண்டு மணிக்கு.

வாக்கு அவளுக்கு முதலில் வந்தது இருபத்து மூன்று வயதில். முதல் பிள்ளை செத்தே பிறந்து ஐந்தாறு நாள் ஆகியிருக்கும். பின்வாசலில் வெறுந்தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகக் கனத்தது. யாரும் பேசினால் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தோட்டைத் தொலைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நின்றாள். உள்ளங்கால் சில்லென்றது. ஏறியது. “அம்மிக்கு அடியில பாரு” என்று யாரோ சொன்னார்கள். சொன்னது தன் வாய்தான் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. பார்த்தார்கள், இருந்தது. அவ்வளவுதான், மறுநாளே வாசலில் நாலு பேர். பிள்ளை போன பொம்பிளை என்று ஒதுங்கிப் போன சனம் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டது. உலகம்மாள் அதை எத்தனையோ தடவை நினைத்து நினைத்து நெகிழ்ந்திருக்கிறாள். இன்றைக்கு என்னவோ நினைப்பு வேறு பக்கமாகத் திரும்பியது. அந்த நாளெல்லாம் அவள் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள், அம்மியோ நாலடி தள்ளி. நிற்கிறவர்களுக்குத் தெரியாதது கிடக்கிறவளுக்குத் தெரிந்திருக்கும். கண் பார்த்திருக்கும், புத்தி கவனித்திருக்காது. அப்படியானால் அந்தக் குளிர்? அது பொய்யில்லை. அதை அவள் பொய்யென்று ஒத்துக்கொள்ள மாட்டாள். குளிர்ந்தது குளிர்ந்ததுதான்.

டி.வி.யில் அந்த வாக்கம்மாவுக்கு (தொடரில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்) எதிரே ஒரு தாயும் தகப்பனும் கைகட்டி நின்றார்கள். காலேஜுக்குப் போன பெண் வீடு திரும்பவில்லை. தலைமுடியைக் கத்தரித்துவிட்ட ஒரு இன்ஸ்பெக்டரம்மா மப்டியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். பிறகு இரண்டு எட்டில் போய் வாக்கம்மாவின் முடியை விலக்கினாள். காதுக்குள் பொட்டுப் போல ஒரு மிஷின். வாசலில் தேங்காய் விற்கிறவன்தான் வந்தவர்களிடம் வாயைப் பிடுங்கி அந்த மிஷின் வழியாக உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறான். உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஷினாம். ஆவுடையப்பனுக்கு எந்த மிஷினும் வேண்டியிருக்கவில்லை. அவள் புருஷன் வெளியில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்துக் கொடுப்பார். வாய் ஓயாத மனுஷன், எதிரில் ஆள் இல்லாவிட்டால் எலுமிச்சம்பழத்தோடு பேசுவார். “எந்த ஊரு? அப்படியா, அங்க என் சித்தி மக இருக்கா. யாரைக் காணும்? என்னைக்குப் போனாவ?” நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். உள்ளே அம்மன் படத்துக்கு முன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு சொல் விடாமல் விழும். இப்படிச் செய்வோம் என்று இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் பேசினார், அவளுக்குக் கேட்டது. செருப்பைப் பார்த்து, கையைப் பார்த்து, உட்காருகிற விதத்தைப் பார்த்து மீதியும் தெரிந்தது. சில நாள் குளிர்ந்தது. சில நாள் குளிரவில்லை, ஆனால் வந்தவளைத் திரும்பிப் போ என்று சொல்ல முடியுமா? ஒரு பஸ் மாறி இரண்டு பஸ் மாறி வந்திருப்பாள். வாய் பழகியிருந்தது. வாய் பாட்டுக்குச் சொன்னது. கடைசியாக எப்போது குளிர்ந்தது என்று யாராவது கேட்டால் உலகம்மாளுக்குப் பதில் தெரியாது.

“பாருங்கத்தே, என்னமா ஏமாத்துதா!” என்றாள் மாரிச்செல்வி, கதையில் முங்கிப் போய். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிரைண்டர் கல்லைப் பார்த்தபடி, “சும்மா கதைக்கு எடுக்காவ” என்று சேர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அது வந்தது. இன்ஸ்பெக்டரம்மா, விசாரணை அறையில், மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: “பொண்ணு உயிரோட இருக்கா, தண்ணிக்குப் பக்கத்துல இருக்கான்னு சொன்னியே. உலகத்துல எந்த ஊரு தண்ணிக்குப் பக்கத்துல இல்ல? தெருவுக்கு ஒரு குழாய் இருந்தாலும் அது தண்ணிதானே?” உலகம்மாளின் கையில் கீரைக்காம்பு நின்றுவிட்டது. சென்னையில் எங்கோ ஒரு அறையில் கண்ணாடி போட்ட எவனோ ஒருவன் காபி குடித்துக்கொண்டு எழுதியிருப்பான். அவனுக்கு இந்த ஊர் தெரியாது, ஆவுடையப்பனைத் தெரியாது, செண்பகவல்லியைத் தெரியவே தெரியாது. அவனுக்கு எப்படி அவளுடைய சொல் போய்ச் சேர்ந்தது? உசிரோட இருக்கான், வடக்கே இருக்கான், தண்ணி ஓடுற இடத்துக்குப் பக்கத்துல இருக்கான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, செண்பகவல்லிக்குச் சொன்ன வாக்கு அது. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்தாள், ஒவ்வொரு முறையும் அதே வாக்கைத்தான் கேட்டுக்கொண்டு போனாள், தேய்ந்த சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டுகிற மாதிரி. ஆனால் முதல் நாள், அந்த முதல் வெள்ளிக்கிழமை, கால் குளிர்ந்ததா? உலகம்மாள் கண்ணை மூடினாள். மூடினால் நினைவு வரும் என்று நினைத்தாள். கிரைண்டர் சத்தம்தான் வந்தது. குளிர்ந்திருந்தால் வாக்கு வாக்குதான், கார்டில் திரு என்று போடச் சொல்லிவிட்டுக் கீரையை உருவலாம். குளிர்ந்திருக்காவிட்டால்? அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை. மத்தியானம். செண்பகவல்லி உள்ளே வருகிறாள். முப்பத்தொரு வயது, நல்ல உயரம், ரவிக்கைக் கையில் ஊக்கு குத்தியிருக்கிறாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை, சந்தனமாரி. பள்ளிக்கூட யூனிபாரம். பாவாடையின் விளிம்பு நனைந்திருக்கிறது. நனைந்திருக்கிறதென்றால் அன்றைக்கு மழை. மழையென்றால் அப்போதிருந்த பழைய வீட்டில் ஒழுகும், தரை ஈரமாக இருந்திருக்கும், கால் எப்படியும் குளிர்ந்துதான் இருந்திருக்கும். உலகம்மாளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை வருஷம் கழித்து ஞாபகம் வருவதென்னவோ ஒரு பாவாடையின் ஈரம்.

விளம்பரம் போட்டார்கள். ஒரு அம்மா சுத்தமான தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பிள்ளைக்கு நீட்டினாள், பிள்ளை மடக் மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தது. யம்மா, தண்ணி. யார் சொன்னது அது? டி.வி.யில் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. யம்மா, தண்ணி. உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடியில் இருந்த கீரைத்தட்டு சரிந்தது. சந்தனமாரி. அந்தப் பிள்ளைதான் முந்தானையை இழுத்து இழுத்துக் கேட்டது, யம்மா, தண்ணி, யம்மா, தண்ணி என்று. தாய்க்காரி சும்மா இரு என்று அதட்டினாள். அதற்கு முன்னால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆவுடையப்பன் சத்தம்: “நாக்பூரா? அது ரொம்ப வடக்கல்லா இருக்கு! வெங்காய லோடா? லாரி மட்டும் ரோட்டோரம் நிக்கா? ஆளைக் காணுமா?” வடக்கு அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. தண்ணி பிள்ளையின் தொண்டையிலிருந்து வந்திருக்கிறது. இவ்வளவுதானா? ஒரு தடியனின் வளவளப்பும் ஒரு பிள்ளையின் தாகமும் சேர்ந்ததா அம்மன் வாக்கு? பிள்ளைக்கு அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று ஞாபகம் இல்லை. கொடுக்கவில்லை என்றுதான் தோன்றியது. சரி, வடக்கும் போயிற்று, தண்ணியும் போயிற்று. உசிரோட இருக்கான் என்று சொன்னாளே, அது எங்கிருந்து வந்தது? அதை வெளியில் யாரும் சொல்லவில்லை. அதைப் பிள்ளை கேட்கவில்லை. அதற்கு மட்டும் ஆதி தெரியவில்லை; தேடித் தேடிப் பார்த்தாள், அந்தப் பிள்ளையின் கண்கள்தான் வந்து நின்றன. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. அழக் கூடாது என்று வேறு சொல்லித் தொலைத்தாள். முதல் வருஷமோ இரண்டாம் வருஷமோ, செண்பகவல்லி உள்ளே வந்ததுமே விம்மினாள். பொம்பிளை அழுகையை உலகம்மாளால் தாங்க முடியாது, பிள்ளை போன நாள் தொட்டே அப்படித்தான். “உசிரோட இருக்கிறவனுக்கு அழுவியாட்டி? நீ அழுதா அவன் திரும்புற வழி அழிஞ்சு போவும்” என்று ஒரு அதட்டல் போட்டாள். அழுகை டக்கென்று நின்றது. அன்றோடு சரி. செண்பகவல்லி அதற்குப் பிறகு அழவே இல்லை. தகப்பன் செத்தபோது அழவில்லையாம், ஊரே அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. எந்த அழுகை எந்த வழியை அழிக்குமோ என்று பயந்திருப்பாள். நெற்றியில் குங்குமம் மட்டும் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஆவுடையப்பன் போனபோது உலகம்மாளின் நெற்றிப் பொட்டை அழித்தார்கள், பதினாறாம் நாள் எல்லாம் முடிந்தது. துக்கத்துக்கு வந்த செண்பகவல்லி பூவும் பொட்டுமாக, எங்கே உலகம்மாளின் நிழல் தன் மேல் பட்டுவிடுமோ என்பது போல, வாசற்படிக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். அந்த நிமிஷத்தில் உலகம்மாளுக்கு அவள் மேல் பொறாமை வந்தது. உண்மை, பொறாமைதான். நான் கொடுத்த பொட்டு உன் நெற்றியில் இருக்கிறது, எனக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று வயிறு எரிந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மனிடம்கூட.

விளம்பரம் முடிந்தது. வாக்கம்மா உடைந்து போய் உட்கார்ந்திருந்தாள். திருநீறு வழிந்து முகமெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது. “நான் யாரையும் கெடுக்கலம்மா. வந்தவங்க கேட்டதைக் குடுத்தேன்” என்றாள். இந்த இடத்தில் அந்த நடிகை நன்றாகத்தான் செய்தாள், உலகம்மாள் ஒத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரம்மா எழுந்து கதவு வரை போய்த் திரும்பினாள். “அவங்க கேட்டது பொண்ணை. நீ குடுத்தது வார்த்தை.” நல்லா வாய் பேசக் கற்றுவைத்திருக்கிறாள் என்று உலகம்மாளுக்குக் கோபம் வந்தது. பொண்ணை யாரால் கொடுக்க முடியும், உன்னால் முடிந்ததா? நீயும் கடைசியில் பிணத்தைத்தானே தேடி எடுத்துக் கொடுக்கப் போகிறாய்? ஸ்டேஷனுக்குப் போனால் நாளைக்கு வா, நாளன்னைக்கு வா. லாரிக்காரரிடம் போனால் எனக்குத் தெரியாது. செண்பகவல்லியைப் பிடித்து உட்கார வைத்து, சொல்லு தாயி என்று கேட்ட ஆள் இந்த ஊரில் யார்? இப்படி டி.வி.யோடு மனசுக்குள் மல்லுக்கட்டினாள். மல்லுக்கட்டி ஜெயித்தும் விட்டாள். ஆனால் மணி பதினொன்று நாற்பது. திரு என்று சொல்லலாம், வாய்க்குப் பழகின வார்த்தை, யாருக்கும் நஷ்டமில்லை. கல்யாண மண்டபத்தில் வருகிறவர்களெல்லாம் எங்கே அவர், எங்கே அவர் என்று கேட்பார்கள், அவள் வடக்கே இருக்கார் என்பாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தெய்வத்திரு என்று சொல்லலாம், அதுவும் லேசுதான். தலையை இரண்டு சுற்று சுற்றி, என் மகன் என் காலடிக்கு வந்துட்டான் என்று சொன்னால் போதும், சூடம் அணைவதற்குள் ஒரு மனுஷனைக் கொன்றுவிடலாம். எந்த ஆறோ எந்தக் குழாயடியோ, ஒருவேளை அவன் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தால்? மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தெரியாது என்று சொல்வது. அதை நினைத்ததும் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். தெரியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு வெள்ளிக்கிழமை இல்லை, தாயே இல்லை, வாசலில் செருப்புகள் இல்லை. மாரிச்செல்விக்கு மாமியார், முருங்கைக்கீரை உருவுகிற கிழவி, அவ்வளவுதான். அதற்கு முன்னால்? பின்வாசலில் கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தவள். அந்தத் தரைக்கே திரும்பிப் போகிற பயம் அது. முப்பத்தெட்டு வருஷமாகக் கூடவே இருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் அதன் முகம் தெரிந்தது.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மாரிச்செல்வி பாய்ந்து டி.வி.யை அணைத்தாள், வாக்கம்மாவை ஜீப்பில் ஏற்றுகிற கட்டம். கிரைண்டரும் அதற்குள் நின்றிருந்தது. வீடு திடீரென்று அமைதியானது. செண்பகவல்லி வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தாள். நாற்பத்து மூன்று வயதில் தலை பாதி நரைத்திருந்தது, அதில் முழம் மல்லிகை, நெற்றியில் அகலக் குங்குமம். மஞ்சள் பையிலிருந்து சூடத்தையும் மடித்த தாளையும் எடுத்தாள்.

“நேத்து நானும் இந்த நாடகத்தைப் பாத்தேன்க்கா. பாதியில எந்திரிச்சிட்டேன். வேற வேலை இல்லாம என்னத்தையாவது எடுத்து வைக்கானுவ. நம்ம கும்புடுததைக் கேலி பண்ணுனா அவனுவளுக்கு என்ன கெடைக்கும்?”

அவள் தனக்காகப் பரிந்து பேசியதுதான் உலகம்மாளைக் குத்தியது. திட்டியிருந்தால் தேவலை.

“சூடம் வேண்டாம் செண்பகம். இங்க வா, எம் பக்கத்துல உக்காரு.”

“தரையில உக்காந்தா வாக்கு சொல்லுவிய?”

“வாக்கு இல்ல. பேச்சு.” உலகம்மாள் கீரைத்தட்டைத் தள்ளி வைத்தாள். “அன்னைக்கு மொத மொத வந்தேல்லா, உன் வீட்டுக்காரர் நாக்பூர் போனாருன்னு நீ வெளிய சொன்னது எனக்கு உள்ள கேட்டுச்சு. வடக்கேன்னு நான் சொன்னது அதான். உன் பிள்ளை தாகத்துக்குத் தண்ணி கேட்டா. தண்ணி பக்கம்னு சொன்னது அதான்.”

செண்பகவல்லி சிரிக்கப் பார்த்தாள். “என்னக்கா, அந்த நாடகத்தைப் பாத்துட்டுப் பேசுதியளா?” பிறகு உலகம்மாளின் முகத்தைப் பார்த்தாள். “உசிரோட இருக்காவன்னு சொன்னிய. அது?”

“தெரியாது தாயி. அன்னைக்கும் எனக்குத் தெரியாது, இன்னைக்கும் தெரியாது.”

“அழக் கூடாதுன்னு சொன்னது?”

“அதுவும் நான் சொன்னதுதான். அம்மன் சொல்லல.”

மாரிச்செல்வி கையில் மாவோடு அப்படியே நின்றாள். பிறகு, அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, திரும்பிக் கிரைண்டரில் தண்ணீரை ஊற்றிக் கழுவத் தொடங்கினாள். அவள் கழுவினால் பாதித் தண்ணீர் தரையில்தான் ஓடும், எத்தனை தடவை சொல்லியும் திருந்தாதவள்.

“எனக்கு அப்ப முப்பத்தொரு வயசுக்கா” என்றாள் செண்பகவல்லி. சூடப் பொட்டலத்தைப் பிசைந்தாள், பிசைந்து பிசைந்து தூளாக்கினாள். உலகம்மாள் அடியை எதிர்பார்த்தாள். கையை ஓங்கினால் தடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். கை வரவில்லை. செண்பகவல்லியின் வயிற்றுக்குள்ளிருந்து விக்கல் மாதிரி ஒன்று கிளம்பியது, பயந்துபோய் வாயைப் பொத்தினாள், பன்னிரண்டு வருஷப் பழக்கம். உலகம்மாள் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். அவுக, அவுக என்று மட்டுமே சொல்லி வந்தவள், புருஷன் பெயரை வாய் திறந்து சொல்லாதவள், “கோமதிநாயகம், கோமதிநாயகம்” என்று பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவனுக்காக அழுதாள், பிறகு தகப்பனுக்காக அழுதாள், பிறகு யாருக்கென்றே தெரியாமல் அழுதாள். உலகம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தாங்க முடியாது என்று எப்போதும் நினைத்த அழுகை, தாங்கத்தான் முடிந்தது.

அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பேனா இருக்கா, மாரி?” என்று கேட்டாள். தாளை முழங்காலில் விரித்து வைத்து, வெள்ளையாகக் கிடந்த இடத்தில் பேனாவை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு எழுதினாள். உலகம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தெய் என்பது வரை வாசித்தாள், மீதியை வாசிக்கவில்லை.

“நான் எழுதுனதுதான் இது. நீங்க சொல்லி இல்ல” என்றாள் செண்பகவல்லி, எழுந்துகொண்டே. குரலில் கோபம் இருந்தது, ஆனால் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, முப்பத்தொரு வயதில் உள்ளே வந்தவளின் சாயல் அதில் தெரிந்தது. “கல்யாணம் முடியட்டும். அண்ணன்ட்ட சொல்லிச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யணும்.” வாசலுக்குப் போனாள். எப்போதும் போயிட்டு வாரேன் என்று சொல்கிறவள், “போறேன்க்கா” என்றாள்.

அவள் குனிந்து செருப்பை மாட்டும்போது உலகம்மாளின் உள்ளங்கால் சில்லென்றது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. எத்தனை வருஷம் ஆயிற்று. பிறகு கெண்டைக்காலுக்கு ஏறியது, முட்டுக்கு ஏறியது, உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. மாரிச்செல்வி கிரைண்டரைக் கழுவிய தண்ணீராக இருக்கும். இருக்கும், ஓடி வந்து காலைத் தொட்டிருக்கும். குனிந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தரை நனைந்திருந்தால் தண்ணீர். நனைந்திருக்காவிட்டால்? தொடைக்கு வந்துவிட்டது. நெஞ்சுக்கு வந்தால் வாய் தன்னால் திறக்கும், திறந்தால் என்ன சொல் வரும் என்பது அவளுக்குத் தெரியும், அந்த ஆதி தெரியாத சொல், உசிரோட இருக்கான் என்பது. உலகம்மாள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். கேட்டுக்கு அருகே செண்பகவல்லி திரும்பிப் பார்த்து, “என்னக்கா?” என்றாள். ஒன்றுமில்லை, போ என்று உலகம்மாள் கையை ஆட்டினாள். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது, நின்றது, கிளம்பியது. அதன் சத்தம் முழுக்க ஓய்கிற வரைக்கும் அவள் வாயிலிருந்து துணியை எடுக்கவில்லை. தரையையும் குனிந்து பார்க்கவில்லை.